பிரேசிலுக்கு மே மாதம் மூன்று வாரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் மகளுக்குப் பள்ளி விடுமுறை. நான், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், 67 வயதான அப்பா என நான்கு பேரும் மதுரையிலிருந்து பிரேசில் போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு நெடுநாள் ஆசை. மூன்று வாரம் கையில் இருக்கிறது.

இப்போதைக்கு யோசித்து வைத்திருக்கும் வழி: சாவோ பாலோவில் இறங்கி, ரியோ டி ஜெனிரோ, இகுவாசு அருவி, சால்வடோர், லென்சோயிஸ் மணல்வெளி, மனௌஸ் போய் இரண்டு நாள் அமேசான் காடு, பன்டனால் சதுப்பு நிலத்தில் ஜாகுவார் பார்ப்பது, கடைசியில் தலைநகர் பிரசிலியா.

அப்பா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். இந்த வழி சரிப்பட்டு வருமா? விசா, தடுப்பூசி, பணம், பாதுகாப்பு, சாப்பாடு என எது தெரிந்தாலும் சொல்லுங்கள்.

பாலிஸ்டா சாலை எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் சாவோ பாலோவில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வருகிற பலரும் இதே மாதிரி ஒரு பட்டியலைத்தான் அனுப்புவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். நாட்டின் பரப்பு 85 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு. ரியோவிலிருந்து மனௌஸுக்கு நேர் விமானம் கிடைத்தாலே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர் விட்டு ஊர் போகும் பயணிகள் ரயில் ஏறக்குறைய இல்லை. மனௌஸுக்குத் தெற்கிலிருந்து நம்பிப் போகக்கூடிய சாலையும் கிடையாது. நீங்கள் சொன்ன எட்டு இடங்களையும் மூன்று வாரத்தில் சுற்றினால் அதில் ஒரு வாரம் விமான நிலையத்திலேயே கழிந்துவிடும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

அடுத்தது மாதம். பிரேசிலில் நல்ல காலம் எது என்று நாடு முழுமைக்கும் சேர்த்துக் கேட்டால் பதில் கிடைக்காது, ஒவ்வொரு பகுதிக்கும் காலம் வேறு. மே மாதத்தை வைத்துப் பார்ப்போம்.

ரியோவில் மே மிக நல்ல மாதம். கோடை மழை ஓய்ந்து, வெயிலும் இதமாக இருக்கும். மலை மேல் மேகம் மூடுவதும் குறைவு. இகுவாசுவில் எப்போது போனாலும் தண்ணீர் இருக்கும், மே மாதம் சற்றுக் குளிரும், அவ்வளவுதான். மனௌஸில் ஆறு ஏறிக்கொண்டே போய் ஜூன் வாக்கில் உச்சத்தைத் தொடும், அதனால் மே மாதம் காடு தண்ணீருக்குள் நிற்கும். மரங்களின் நடு உயரத்தில் படகில் போவது அப்போதுதான் கிடைக்கும்.

சால்வடோரில் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் மழை அதிகம், அதை எடுத்துவிடுங்கள். பன்டனாலில் ஜாகுவார் நன்றாகக் கண்ணில் படுவது ஜூலை முதல் அக்டோபர் வரை, தண்ணீர் வற்றி விலங்குகள் ஆற்றங்கரைக்கு வரும்போது. மே மாதம் அவ்வளவு செலவு செய்து போய் ஏமாற வேண்டாம். பிரசிலியா கட்டடக்கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மிக நல்ல ஊர், உங்கள் பயணத்துக்கு அவசியம் இல்லை.

ஆக ரியோ, இகுவாசு, மனௌஸ். மூன்று போதும். மூன்று வாரத்துக்கு மூன்று ஊரா என்று தோன்றும், ஆனால் ஒவ்வொன்றிலும் நிதானமாக இருந்தால்தான் வந்த பலன்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

பாலிஸ்டா தம்பி சொன்னதில் லென்சோயிஸ் விட்டுப்போய்விட்டது. மழைநீர் தேங்கி மணல்மேடுகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகக் குளங்கள் உண்டாகும் இடம் அது. 2024-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் ஜூன் முதல் செப்டம்பர் என்றுதான் சொல்வார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மே கடைசியிலேயே குளங்கள் நிறைந்திருக்கும், கூட்டமும் இருக்காது. நான் தனியாகப் போனது அப்போதுதான்.

ஆனால் உங்கள் அப்பாவை நினைத்தால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். சாவோ லூயிஸ் வரை விமானம், அங்கிருந்து பாரெய்ரின்யாஸுக்குச் சாலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல், பிறகு திறந்த ஜீப்பில் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும், இறங்கி மேடேற வேண்டும். முதுகு வலி உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. மகள் பெரியவளானதும் நீங்கள் மறுபடி வந்து பாருங்கள்.

திண்ணை மருத்துவர் எழுதியது:

மற்றவர்கள் இடங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது.

பிரேசிலுக்குள் நுழையும்போது இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் இந்தச் சான்றைக் கேட்பதில்லை. திரும்பி இந்தியாவுக்குள் வரும்போதுதான் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் பிரேசில் இருக்கிறது. செல்லத்தக்க சான்று இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலை முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது.

இந்த ஊசியை எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நிறுவனமும் துறைமுக சுகாதார அலுவலகமும் உண்டு. ஒரு குப்பியைத் திறந்தால் பலருக்குப் போட வேண்டியிருப்பதால் குறிப்பிட்ட நாள்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுவார்கள். சான்றில் கடவுச்சீட்டு எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அந்த மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் அப்பா. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு செய்த ஊசி. அறுபது வயதைத் தாண்டி முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மிகக் குறைவுதான் என்றாலும், இளையவர்களை விட அதிகம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர், தைமஸ் சுரப்பி கோளாறு உள்ளவர், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர் போட்டுக்கொள்ளக் கூடாது. அவருடைய மருந்துச் சீட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். கிங் நிறுவனத்து வரிசையில் நிற்கும்போது கேட்கிற கேள்வி இல்லை இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊசி கோழிக்கருவில் வளர்க்கப்படுவது. முட்டை சாப்பிடாதவர் என்கிறீர்கள், அவருக்கு இதில் மனத்தடை இருக்கலாம். முன்பே சொல்லி அவர் சம்மதத்தைப் பெறுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மருத்துவர் ஐயா, மிக்க நன்றி. அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான். கோழிக்கரு விஷயத்தைச் சொன்னேன், மருந்துக்குத் தோஷமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஒருவேளை மருத்துவர் ஊசி வேண்டாம் என்றால்?

திண்ணை மருத்துவர் எழுதியது:

நாள்பட்ட நோயால் ஊசி போட முடியாதவர்களுக்கு இந்திய விதியில் விலக்கு உண்டு. அதை மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். ஆனால் விலக்குச் சீட்டு விமான நிலையச் சோதனையைக் கடக்க மட்டுமே உதவும், கொசுவிடமிருந்து காப்பாற்றாது. 2016-லிருந்து 2018 வரை நடந்த பரவலில் ரியோ, சாவோ பாலோ மாநிலங்களில் கூட மக்கள் இறந்தார்கள். ஊசி போட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் காடு இருக்கும் பகுதிக்கு அப்பாவைக் கூட்டிப்போகாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

டெங்கு தனி. அதற்கு முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. ஐகாரிடின் சேர்ந்த விரட்டி அங்கே எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். மனௌஸ் பக்கம் மலேரியாவும் உண்டு, எந்த விடுதி என்று முடிவானதும் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

பனிநாட்டான் எழுதியது:

நான் டொரோண்டோவில் இருக்கிறன். விசா விஷயம் ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் வேறு, அதைக் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 10 முதல் இணைய விசா கட்டாயம். பழைய வலைப்பதிவுகளில் வேண்டாம் என்று இருக்கும், அதை நம்பி விமான நிலையம் போய்விடாதீர்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் புறப்படும் முன்பே விசா எடுக்க வேண்டும், அங்கே போய் இறங்கி எடுக்க இயலாது. விதிகள் அடிக்கடி மாறுவதால் தூதரகத்தின் தளத்தை மட்டும் பாருங்கள்.

இகுவாசுவில் இன்னொரு சிக்கல். அருவியின் பெரும்பகுதி அர்ஜென்டினா பக்கம். அங்கே போக அர்ஜென்டினாவின் அனுமதி தனியாக வேண்டும், திரும்பி வர பிரேசில் விசா பலமுறை நுழைய இடம் தருவதாக இருக்க வேண்டும். டாக்ஸிக்காரர்கள் சிலர் பகல் பொழுதுக்குப் போய்வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள், முத்திரை இல்லாமல் எல்லை கடந்தால் பிறகு வருகிற வில்லங்கம் பெரிது.

விமானத்துக்கு அடிஸ் அபாபா, துபாய், தோஹா வழிகள் இந்தியர்களுக்குச் சுலபம். அமெரிக்கா வழி மலிவாகத் தெரியும், ஆனால் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். துபாயிலிருந்து சாவோ பாலோவே ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். அப்பாவுக்காக இடையில் ஓர் இரவு தங்கி வருவது நல்லது.

கிள்ளான் வாசகி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம், அந்த வகையில் எங்களுக்குச் சுலபம்.

மனௌஸ் பற்றி ஒரு வார்த்தை. அமேசான் என்றதும் எல்லோரும் காட்டையும் விலங்கையும் தேடுவார்கள். அந்த ஊரின் ஓபரா அரங்கைக் கட்டாயம் பாருங்கள். 1896-ல் திறந்தது. காட்டு நடுவில் ஐரோப்பியப் பளிங்கும் கண்ணாடி விளக்குகளுமாக இருக்கும். அவ்வளவு பணமும் ரப்பரில் வந்தது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. பிறகு மலாயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் கொண்டுவந்தார்கள். இங்கே ரப்பர் பெருகியதும் மனௌஸின் வாழ்வு அப்படியே சரிந்தது. என் தாத்தா பாட்டி இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். அந்த அரங்கின் படியில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

ஊருக்கு வெளியே ஆற்று வழியாகப் போனால் ரப்பர் தோட்ட அருங்காட்சியகம் ஒன்று உண்டு. படகுத்துறையின் பெயர் மரினா டோ டாவி. கடனில் சிக்கிய தொழிலாளிகள் எப்படி வாழ்ந்தார்கள், பாலைப் புகையில் காட்டி எப்படி உருட்டினார்கள் என்று காட்டுவார்கள். உங்கள் மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

குறிஞ்சிப்பூ எழுதியது:

கிள்ளான் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நன்றி அக்கா.

விடுதி தேர்ந்தெடுப்பதற்கு ஒரு குறிப்பு. மனௌஸில் ரியோ நீக்ரோ ஆற்றின் கறுப்புத் தண்ணீரும் சொலிமோயிஸ் ஆற்றின் பழுப்புத் தண்ணீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். வெப்பமும் வேகமும் அடர்த்தியும் வேறாக இருப்பதால் அப்படி. ரியோ நீக்ரோ தண்ணீரில் அமிலத் தன்மை அதிகம், அதனால் அந்தப் பக்கம் கொசு குறைவு. குடும்பமாகப் போகிறீர்கள், நோவோ ஐராவ் பக்கத்து விடுதியாகப் பாருங்கள். அனவில்யானாஸ் தீவுக்கூட்டம் அங்கேதான்.

இரண்டு நாள் என்று எழுதியிருந்தீர்கள். போகவர ஒரு நாள் போய்விடும், நான்கு இரவாவது வையுங்கள். ஜாகுவார், அனகோண்டா பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லி வைக்காதீர்கள். அடர்ந்த காட்டில் பெரிய விலங்கு கண்ணில் படுவது அரிது. பறவைகள், குரங்குகள், தேவாங்கு மாதிரி மெல்ல நகரும் ஸ்லாத், இளஞ்சிவப்பு ஓங்கில்கள், இரவில் முதலையின் கண்கள் என இவையே நிறைய.

பாலிஸ்டா சாலை எழுதியது:

இப்போது பணம். அங்கே ரொக்கம் மிகக் குறைவாகத்தான் தேவைப்படும். கடற்கரையில் இளநீர் விற்பவர் கூடக் கையில் கார்டு கருவி வைத்திருப்பார். உள்ளூர்க்காரர்கள் பிக்ஸ் என்ற உடனடிப் பணப்பரிமாற்றத்தில் வாழ்கிறார்கள், 2020 நவம்பரில் மத்திய வங்கி கொண்டுவந்தது. உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் உங்களுக்கு ஆகாது. நம் ஊர் யூபிஐ அங்கே இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். இரண்டு வேறு வங்கிகளின் கார்டுகள், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட நிலையில். ஓடிபி வர இந்திய எண்ணுக்கு ரோமிங் இருக்கட்டும். ரூபாயை அங்கே மாற்ற முடியாது, அவசரத்துக்குக் கொஞ்சம் டாலர் வையுங்கள். கருவியில் ரூபாயிலா, பிரேசில் பணமான ரியாலிலா என்று கேட்டால் ரியால் என்றே அழுத்துங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் அடி விழும்.

கடையில் பில் போடும்போது சீபிஎஃப் எண் வேண்டுமா என்று கேட்பார்கள். அது அவர்களுடைய வரி எண். நவோ, அதாவது வேண்டாம், என்று சொன்னால் போதும். ஆனால் சில உள்ளூர் விமான, பேருந்துத் தளங்களும் சிம் கார்டு கடைகளும் அந்த எண் இல்லாமல் நகர மாட்டா. கடவுச்சீட்டு எண்ணை ஏற்கும் தளத்தில் வாங்குங்கள். சிம்முக்கு இ-சிம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் மிக முக்கியம், விடுதி, உணவகம், படகுக்காரர் எல்லாம் அதில்தான் பேசுவார்கள். போர்த்துகீசிய மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பெரிய விடுதிகளைத் தாண்டினால் கிடைக்காது.

விமானம் எடுக்கும்போது நிலையத்தின் பெயரைப் பாருங்கள். சாவோ பாலோவுக்கு என்று குவாருல்யோஸ், கொங்கோன்யாஸ், விராகோபோஸ் என மூன்று உண்டு. கடைசியது கம்பினாஸ் நகரில், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி. வெளிநாட்டு விமானம் குவாருல்யோஸில் இறங்கும், அடுத்த விமானமும் அங்கிருந்தே கிளம்பும்படி எடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நன்றி தம்பி. பயணத்தில் அப்பாவுக்கு சாதம் வைக்க மின்சாரக் குக்கரும் வெந்நீர்க் கெட்டிலும் கொண்டுவரலாம் என்று மனைவி கேட்கிறாள்.

பாலிஸ்டா சாலை எழுதியது:

அண்ணி நல்ல வேளை கேட்டார். மின்னழுத்தம் ஊருக்கு ஊர் மாறும். ரியோ, மனௌஸ், இகுவாசு எல்லாம் 127 வோல்ட். பிரசிலியா, ரெசிஃபி, ஃபோர்தலேசா 220. நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலை 127-ல் மாட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சக்திதான் வரும். தண்ணீர் கொதிக்க மூன்று மடங்குக்கு மேல் நேரம் ஆகும், குக்கரில் அரிசி சரியாக வேகாது. இரண்டு மின்னழுத்தத்துக்கும் ஏற்ற பயணக் கெட்டிலாக வாங்குங்கள், அல்லது சமையலறை உள்ள வீடு எடுத்துத் தங்குங்கள். அங்கே எல்லா வீட்டிலும் தினமும் சோறுதான், கடையில் அரிசி எளிதாகக் கிடைக்கும். செல்போன் சார்ஜருக்குக் கவலை இல்லை. நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

குளியலறையில் ஷவர் தலையிலேயே மின்கம்பி போகும். முதல் முறை பார்த்தால் பயமாக இருக்கும், அங்கே அதுதான் வழக்கம். தண்ணீர் ஓடும்போது மேலே உள்ள விசையைத் தொடாதீர்கள். குழாயைக் கொஞ்சம் மூடினால் சூடு கூடும்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

சைவம் பற்றி நான் சொல்கிறேன், நானும் சைவம்தான்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் மாட்டிறைச்சியை விட்டுவிட்டு கோழியோ ஹாமோ போட்டுத் தருவார்கள். மாடு, கோழி, மீன், பன்றி, முட்டை என்று ஒவ்வொன்றாக எழுதி ஒரு சீட்டு போர்த்துகீசியத்தில் செல்போனில் வைத்துக் காட்டுங்கள். கறுப்பு பீன்ஸ் குழம்பு பார்க்கச் சைவமாகத் தெரியும், பெரும்பாலும் பன்றிக் கொழுப்போ இறைச்சித் துண்டோ சேர்ந்திருக்கும். வறுத்த மரவள்ளி மாவான ஃபரோஃபாவிலும் அப்படியே. கேட்காமல் அப்பாவுக்குப் பரிமாறாதீர்கள்.

உங்களுக்கு உகந்தது எடை போட்டு வாங்கும் உணவகங்கள். போர் கிலோ என்று பலகை இருக்கும். சோறு, காய்கள், கிழங்குகள், பழங்கள் வரிசையாக வைத்திருப்பார்கள், எடுத்து வந்து தராசில் வைத்துப் பணம் கட்ட வேண்டியதுதான். யாரிடமும் விளக்கத் தேவையில்லை. மதியம்தான் அங்கே நல்ல உணவு புதிதாக இருக்கும்.

மரவள்ளி மாவில் சீஸ் சேர்த்துச் சுடும் பாவோ டி கேஜோ காலைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அதில் முட்டை உண்டு, அப்பாவுக்கு ஆகாது. அவருக்கு மரவள்ளி மாவில் தோசைக்கல்லில் வார்க்கும் தபியோகா. உள்ளே தேங்காயும் வாழைப்பழமும் வைக்கச் சொல்லுங்கள். அகரஜே என்று தட்டைப்பயறு அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரிப்பது நம் வடையேதான், பாயியா மாநிலப் பெண்கள் தெருவில் சுடச்சுடப் போடுவார்கள். நடுவில் பிளந்து இறால் வைப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்லுங்கள். பொரிக்கும் மாவில் இறால் சேர்த்திருக்கிறார்களா, உள்ளே பூசும் விழுதுகளில் என்ன என்றும் கேளுங்கள்.

முந்திரிப்பழச் சாறு குடித்துப் பாருங்கள். முந்திரியும் மரவள்ளியும் அந்த மண்ணிலிருந்தே போர்த்துகீசியர் வழியாக நம் பக்கம் வந்தவை. நட்டால் நகரத்துக்கு அருகே பிராங்கி என்ற கடற்கரை ஊரில் ஒரே முந்திரி மரம் ஒரு பெரிய தோப்பு அளவுக்குப் பரந்து நிற்கிறது.

பனிநாட்டான் எழுதியது:

சாப்பாட்டுக் கதை நன்றாகப் போகிறது, ஆனால் பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ரியோவில் நகையையும் கைபேசியையும் பறிகொடுத்தது. வயதானவரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த நாட்டுக்கே போகத்தான் வேணுமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பாலிஸ்டா சாலை எழுதியது:

அகத்தில் உள்ள அக்கறை புரிகிறது அண்ணா. ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போகவே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் எங்கே, எப்போது, எப்படி என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம்.

சாவோ பாலோவில் மிகுதி கைபேசிப் பறிப்பு. சாலை ஓரமாக நின்று வரைபடம் பார்ப்பவரிடமிருந்து சைக்கிளிலோ பைக்கிலோ வந்து பிடுங்கிப் போய்விடுவார்கள். வண்டி கூப்பிட வேண்டுமா, கடைக்குள் போய் நின்று கூப்பிடுங்கள். வங்கிச் செயலிகள் உள்ள போனை அறையில் வைத்துவிட்டு, வெளியே பழைய போன் கொண்டுபோங்கள். ரியோவில் இருட்டியபின் கடற்கரை மணலில் நடக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் நகர மையத்தில் ஆளே இருக்காது, அங்கே போகாதீர்கள். தங்கச் சங்கிலி, தாலிக்கொடி விஷயத்தில் அண்ணி மனம் நோகாமல் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மஞ்சள் கயிறோ கவரிங்கோ அணிந்து வருவது நல்லது.

மிக முக்கியமாக, ரியோவில் வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டாதீர்கள். வரைபடச் செயலி குறுக்கு வழி என்று ஆயுதக் கும்பல் காவல் இருக்கும் குடியிருப்புக்குள் கொண்டுபோய்விடும். அப்படி நுழைந்த வெளிநாட்டவர் சுடப்பட்ட செய்திகள் உண்டு. ஊபர், 99 என்ற வாடகை வண்டிச் செயலிகள் இரண்டும் எல்லா ஊரிலும் ஓடுகின்றன, அவை போதும். ரியோ மெட்ரோவும் நல்லது, கார்டைத் தொட்டாலே கதவு திறக்கும்.

யாராவது மிரட்டினால் எதிர்க்காமல் கொடுத்துவிடுங்கள். பிறகு போலீஸில் புகார் எழுதி வாங்குங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். போலீஸ் 190, ஆம்புலன்ஸ் 192. அரசு மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை வெளிநாட்டவருக்கும் இலவசம். அதை நம்பிக் காப்பீடு எடுக்காமல் வந்துவிடாதீர்கள், மனௌஸ் காட்டுக்குள்ளிருந்து ஒருவரை நகரத்துக்குக் கொண்டுவரும் செலவே பெரிது.

பனிநாட்டான் எழுதியது:

சரி தம்பி, இப்படி இடமும் நேரமும் குறித்துச் சொன்னால் ஏற்கலாம். தாலிக்கொடியைப் பற்றி நீர் எழுதியது நல்லது, பயண வழிகாட்டி ஒன்றிலும் அது இருப்பதில்லை.

கிள்ளான் வாசகி எழுதியது:

முதியவரோடு போகிறவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. அறுபது வயதானவர், கர்ப்பிணி, கைக்குழந்தை வைத்திருப்பவர் எல்லோருக்கும் சட்டப்படி முன்னுரிமை வரிசை. வங்கி, விமான நிலையம், சூப்பர் மார்க்கெட் எங்கும் பலகை இருக்கும். தயங்கி நிற்காதீர்கள், நிற்பவரை அங்குள்ளவர்களே முன்னால் அனுப்புவார்கள். பல இடங்களில் அறுபதுக்கு மேல் அரைக் கட்டணமும் கிடைக்கும், டிக்கெட் எடுக்கும்போது கேளுங்கள்.

இகுவாசு பிரேசில் பக்கம் அப்பாவுக்கு அரை நாள் போதும். பூங்கா வாசலிலிருந்து பேருந்து உள்ளே கொண்டுபோய்விடும். நடைபாதையின் முடிவில் அருவிக்கு முகம் கொடுத்து நிற்கும் மேடை இருக்கிறது, முழுக்க நனைவீர்கள், மழைக் கோட்டும் மாற்றுச் சட்டையும் எடுங்கள். குவாட்டி என்ற நீள மூக்குப் பிராணிகள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பிடுங்கும், கடிக்கும். பை திறந்து சாப்பிடாதீர்கள். பூங்காவுக்கு எதிரிலேயே பறவைப் பூங்கா இருக்கிறது, மகளுக்குப் பிடிக்கும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ரியோ ஏழு இரவு, இகுவாசு மூன்று, மனௌஸ் ஊரும் காடும் சேர்த்து ஆறு, மீதி பயணத்துக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். சால்வடோரை விடுவதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சரி. அர்ஜென்டினா பக்கம் இந்த முறை இல்லை.

ஒரு கேள்வி மட்டும். ரியோவில் ஏசு சிலைக்கு அப்பா படி ஏற முடியுமா? முழங்கால் வலி கொஞ்சம் உண்டு.

பாலிஸ்டா சாலை எழுதியது:

படி ஏறவே தேவையில்லை அண்ணா. கோஸ்மி வெல்யோ நிலையத்திலிருந்து காட்டுக்குள் ஏறும் சிறு ரயில் இருக்கிறது. மேலே இறங்கியதும் லிஃப்ட், அதன் பிறகு நகரும் படிக்கட்டு, சிலையின் அடி வரை கொண்டுபோகும். நேரத்தோடு சேர்த்துத்தான் டிக்கெட் விற்பார்கள், மே மாதத்திலும் வார இறுதி நிறைந்துவிடும், வார நாளில் காலை முதல் ரயிலாகப் பாருங்கள். மலை 710 மீட்டர் என்பதால் கீழே வெயில் அடிக்கும்போதும் மேலே மேகம் மூடியிருக்கும். ரியோவில் ஏழு இரவு இருக்கிறீர்கள், முதல் நாளே டிக்கெட் எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இரண்டு நாள் வானத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். அதே நாளில் மாலை சர்க்கரை ரொட்டி மலைக்கு ரோப் காரில் போய்விடலாம், அங்கேயும் நடை குறைவு. அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுங்கள், மேலே காற்று பலமாக இருக்கும்.